தணிகாசலத்தின் பாய்லர்

செம்பு இன்னும் நிறம்கூட மாறவில்லை. அதற்குள் ஈயம் உருகி ஓடிவிட்டது. வரதன் டார்ச்சை அணைத்தான். இறுகிப்போன ஒரு மூடியைத் தளர்த்தத்தான் சூடு காட்டினான். பாய்லரின் அடிவிளிம்பில் விரல் நீளத்துக்கு ஒட்டு திறந்து, ஈயம் தரையில் மணிமணியாகச் சிதறிக் கிடந்தது.

பெஞ்சின் மேல் இருந்தது இரண்டடி நீள நீராவி இன்ஜின். பொம்மை இல்லை. கரி போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால், பின்னால் கோத்த பலகையில் மூன்று பேரை உட்காரவைத்து இழுக்கும். வரதனின் மனைவி சாருமதிக்கு அண்ணன் தணிகாசலம், அரக்கோணத்தில் ரேடியோ மெக்கானிக். இருபது வருஷத்துக்கு முன் அவர் கையால் செய்தது. கைப்பிடிக் கம்பிகளுக்கு ரேடியோ ஏரியலை வெட்டிப் போட்டிருந்தார். மூன்றே முறை ஓடியது. சக்கரம் தேய்ந்து பரணுக்குப் போய்விட்டது.

ஆடி மாசம் தெருவில் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை அது ஓட வேண்டும் என்று இரண்டு மாதம் முன்பு கொண்டுவந்து இறக்கினார். "துருவச் சொரண்டு, பெயின்ட் அடி, சக்கரத்தக் கடசலுக்குக் குடு. பாய்லர்ல மட்டும் கைய வெக்காத மாப்ள. அது நான் ஒட்னது."

வரதன் சரியென்றான். சோற்றுப் பருக்கை அளவுகூட இல்லாத ரிவெட் தலைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தெடுத்தான். எண்ணெய்க் குழாய் அடைத்திருந்தது. பழைய ஃபிரிட்ஜிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் எடுத்து வளைத்துப் போட்டான். அவன் தொழில் ஃபிரிட்ஜ் ரிப்பேர். செம்பைச் செம்போடு வெள்ளிக் கம்பி வைத்துப் பற்றவைப்பது அவனுக்கு அன்றாட வேலை.

ரேடியோவுக்கு ஈயம் போதும். நெருப்பின் மேல் உட்காரும் பாய்லருக்குப் போதாது. தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கினால் விளிம்பு விட்டுவிடும். முதல் பலகையில் இருக்கும் பிள்ளையின் முழங்காலுக்கு நேராக விடும். ஆனால் திறக்காத இடங்களில் ஒட்டு என்னவோ கண்ணாடி மாதிரி இருந்தது. எங்கேயும் ஒரு பிசிறு இல்லை.

"ஒங்க அண்ணன்கிட்ட சொல்லணும்" என்றான் சாருமதியிடம்.

"சொன்னீங்கன்னா அதோட சரி. கோயில் ஆம்ப்ளிஃபயர்ல கொர்ருன்னு சத்தம் வருதுன்னு சொன்னதுக்கே ரெண்டு வருஷம் நம்ம வீட்டுப் படி ஏறல அவரு."

"இது கொர்ருன்னு நிக்காது, சாரு. வெடிக்கும்."

"அப்ப வெடிக்காத மாதிரி செய்யுங்க. வாயத் தொறக்காம செய்யுங்க. எனக்குன்னு பொறந்த எடத்துல இருக்கறது அவரு ஒருத்தர்தான். சத்தியம் பண்ணுங்க."

பண்ணினான்.

ஈயத்தின் மேல் வெள்ளி பிடிக்காது. சுரண்டி எடுக்கவே நான்கு நாள் ஆயிற்று. பிறகு எல்லா விளிம்பையும் வெள்ளியால் பற்றவைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, தேவைக்கு இரண்டு மடங்கு அழுத்தம் ஏற்றிப் பார்த்தான். ஒரு சொட்டு வரவில்லை. விளிம்புகளை மறைக்கும் தகட்டு உறையை மேலே மாட்டிக் கறுப்புப் பெயின்ட் அடித்து, அதன் மேல் மயிரிழையாய்ச் சிவப்புக் கோடு இழுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காலிமனையில் போட்ட தண்டவாளத்தில் இன்ஜின் ஓடியது. தெருப் பிள்ளைகள் முறைக்கு அடித்துக்கொண்டார்கள். தணிகாசலம் கரி படிந்த கையால் தகட்டு உறையைத் தட்டினார்.

"இருவது வருஷம், மாப்ள. ஒரு பொட்டு கசியுதா பாரு. வெள்ளி போட்டாத்தான் நிக்கும்னு அப்பவே சொன்னானுங்க. நான் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன். இப்ப பாத்துட்டேன், ஈயமே நிக்குது."

வரதன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் மத்தியானம் தணிகாசலம் ஒரு வரைபடத்தோடு வந்தார். ஓட்டத்தைப் பார்த்திருந்த பள்ளிக்கூடத் தாளாளர் இன்னொன்று கேட்டிருக்கிறார். பெரியது, பன்னிரண்டு பிள்ளைகளை இழுக்க வேண்டும்.

"தகடு நீ பாத்து வாங்கியா. ஒட்டு என்னுது."

"இந்தத் தடவ வெள்ளி போடலாமே மச்சான். கம்பி நான் தரேன்."

"எதுக்கு? இது வுட்டுதா?" என்று பெஞ்சில் இருந்த இன்ஜினைக் காட்டினார்.

வரதனுக்குப் பதில் தெரியும். அதைச் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருக்கிறான். ஈயம் தாங்கும் என்பதற்குத் தணிகாசலம் காட்டிய ஒரே சாட்சி, வரதன் வைத்த வெள்ளி.

கணவன் ரகசியமாகப் பழுது நீக்கினான். பிள்ளைகளுக்கு ஆபத்து வரவில்லை. மனைவி அவன் வாயைக் கட்டினாள், குடும்பம் உடையவில்லை. அண்ணன் அடுத்ததையும் ஈயத்தால் ஒட்டப் புறப்பட்டுவிட்டார். வாசகர் சொல்லட்டும்: அன்று மத்தியானம் அந்த மூவரில் பிழையில்லாதவர் யார்? சத்தியத்தை வரதன் என்ன செய்ய வேண்டும்?

பிழையில்லாதவர் தணிகாசலம். இருபது வருஷத்துக்கு முன் செய்தது பிடிவாதம். இன்று அவர் கண்ணால் கண்டதை நம்புகிறார், வேறெதை நம்புவார்? பாய்லரைத் திருத்தியதில் தவறில்லை. திருத்தியதை மூடிவிட்டு அவர் உறையைத் தட்டிப் பெருமைப்பட்டபோது சும்மா நின்றதில்தான் வரதன் ஒரு பொய்ச் சாட்சியைச் செய்து கையில் கொடுத்தான். அதில் சாருமதிக்கும் பாதி உண்டு. அவள் வாங்கிய சத்தியம் ஒரு பாய்லருக்கானது. பன்னிரண்டு பிள்ளைகள் ஏறப்போகும் இன்னொன்றை அது கட்டாது. வரதனும் இவ்வளவையும் யோசித்தான் என்று சொல்ல முடியாது. திருப்புளியை எடுத்து உறையின் ஆணிகளைக் கழற்றினான். "மச்சான், இதப் பாருங்க" என்றான். தணிகாசலம் குனிந்து விளிம்பை நகத்தால் கீறினார். ஈயமாக இருந்தால் கோடு விழும். விழவில்லை. இன்னொரு இடத்தில் கீறினார். அங்கேயும் விழவில்லை. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த சாருமதி எழுந்து வாசலுக்குப் போய், வெயிலில் கிடந்த அண்ணனின் செருப்புகளை எடுத்து நிழலில் வைத்தாள்.