டோக்கன் பலகைக்கு யார் கையெழுத்து?

முதலாளி பூட்டிவிட்டுப் போன நூற்பாலையைத் திறந்து, பதினாறு ஆண்டாக நாங்களே ஓட்டுகிறோம். தொழிலாளர் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்; அத்தனை பேரும் உரிமையாளர். எங்கள் நூலைத் தொட்டுப் பார்க்கும் வெளியூர் வியாபாரிகள், "யாரோட மில்லுங்க?" என்று கேட்பார்கள். நாங்கள் சொல்லும் பதிலில் கொஞ்சம் திமிர் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு விலையாகத் தடியடியும் பட்டினியும் பட்டிருக்கிறோம். அந்த ஆலையில் எழுந்த ஒரு வழக்கு இது. கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

ஆலையின் எல்லா வேலைகளையும் கம்ப்யூட்டரில் இணைக்கப் பொதுக்குழு முடிவு செய்தது. திட்டம் போட்டுத் தரப் பர்வீன் என்ற பெண் வந்தார். அவர் முறை எளிமையானது. பெரிய தாளில் இடப்பக்கம் இன்று நடக்கும் வேலைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்கிறவர் பெயர் ஒன்று. மேலே, நாளை வரப்போகும் ஏற்பாடுகள். இன்றைய வேலையை நாளை எது செய்யும் என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். குறிக்க எதுவும் இல்லையென்றால் அதுதான் இடைவெளி. அதை நிரப்ப வழி தேட வேண்டும், அல்லது தெரிந்தேதான் விடுகிறோம் என்று "நீக்கம்" என்னும் கட்டத்தில் எழுத வேண்டும். மறந்து விட்டதற்கும் தெரிந்தே விட்டதற்கும் ஒரே வெள்ளைக் கட்டம் இருக்கக் கூடாது என்பார் பர்வீன். நல்ல முறைதான்.

ஆனால் "நீக்கம்" என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. முதலாளி காலத்தில், வாயிற்கதவில் ஒட்டிய தாளைப் படித்துத்தான் ஒருவர் தன் வேலை போனதைத் தெரிந்துகொள்வார். அதனால் பொதுக்குழு ஒரு விதி எழுதியது: "எந்த வேலையையும், அதைச் செய்கிறவரின் கையெழுத்து இல்லாமல் நீக்கக் கூடாது." எந்தச் சட்டப் புத்தகத்திலும் பார்த்து எழுதியதல்ல. எங்கள் சொந்த விதி.

இருநூற்றுச் சொச்சம் வேலைகளில் ஒன்றே ஒன்று வெறுங்கட்டத்தில் வந்து நின்றது.

மைதானத்தை ஒட்டிய, வருகை பதியும் டைம் ஆபீஸின் வெளிச்சுவரில் ஆணி வரிசையோடு ஒரு பலகை உண்டு. உள்ளே வருகிறவர் தன் எண் போட்ட பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டுவார். வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொள்வார். வருகைப் பதிவுக்கு இனி முகம் பார்க்கும் இயந்திரம் வந்துவிடும். ஆனால் பலகைக்கு இன்னொரு வேலை இருந்தது. பஞ்சு ஆலையில் தீ எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தீ மணி அடித்ததும் எல்லோரும் மைதானத்துக்கு ஓடுவார்கள். டைம் கீப்பர் நாச்சிமுத்து பலகையைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அவரவர் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பார்கள். குரல் வராத எண் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். தீ என்றால் மின்சாரத்தைத்தான் முதலில் நிறுத்துவோம். முகம் பார்க்கும் இயந்திரமும் கண்ணை மூடிவிடும்.

பர்வீன் இதைச் சரியாகவே கண்டுபிடித்து, தனி வரியில் எழுதி, செய்கிறவர் "நாச்சிமுத்து" என்று போட்டிருந்தார். மாதக் கடைசியில் ஓய்வு பெறவிருந்த நாச்சிமுத்து, "நீக்கம்" கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் பலகையைக் கழற்றத் தச்சர் வந்தபோது, பஞ்சு உடைக்கும் பகுதியில் வேலை செய்யும் அருக்காணி அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். டோக்கன்கள் கலகலத்தன.

"அண்ணா, இதை எடுத்துட்டா, நாங்க உள்ள மாட்டிக்கிட்டா யாருக்குத் தெரியும்?"

நாச்சிமுத்து அவரைப் பார்க்காமல் பேசினார். "இங்க தீப் புடிச்சுப் பதினோரு வருசமாச்சு. இருநூத்திப் பன்னெண்டு, இருநூத்திப் பன்னெண்டுன்னு மூணு தடவை கத்துனேன். பதில் வரலை. அது இன்னும் எங்காதுல கெடக்குது. எனக்கப்புறம் வர்றவன் தலையில அதை ஏத்த மாட்டேன்."

"அந்த இருநூத்திப் பன்னெண்டு நாந்தானுங்ளே! நீங்க கூப்பிட்டதாலதான தேடி வந்து தூக்கிட்டு வந்தாங்க?"

"சண்டைக்கு நிக்கறதுல மட்டும் நீ மாறவே இல்ல அம்மிணி."

"மாறிட்டா உங்களுக்குப் பொழுது போகாதுங்ண்ணா."

பர்வீன் தாளைக் காட்டினார். "அக்கா, எனக்கும் மனசில்லை. ஆனா விதி நீங்க போட்டது. செய்றவர் கையெழுத்துப் போட்டுட்டார். உங்களுக்காக இதை நிறுத்தினா, நாளைக்கு வேற ஒருத்தர் கையெழுத்துக்கும் மதிப்பிருக்காது."

"நான் போடலையே கண்ணு."

"உன் வேலையா அது?" என்றார் நாச்சிமுத்து. தச்சர், நீங்கள் பேசி முடியுங்கள் என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

பர்வீன் விதியைக் காத்தார். நாச்சிமுத்து தன் பாரம் இன்னொருவர் மேல் விழாமல் தடுத்தார். அருக்காணி, கையெழுத்தான முடிவை மறித்து நின்றார். விதியில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: அருக்காணி பக்கம், அதுவும் விதிப்படியே. அன்று மாலைக் கூட்டத்தில் அவரே சொன்னார்: "கூப்பிடறது அண்ணன் வேலைங்க. இருக்கேன்னு சொல்றது எங்க வேலை. பாதி வேலைக்குத்தான கையெழுத்து வாங்கியிருக்கீங்க?" ஒரு வேலைக்கு ஒரு பெயர் என்று கட்டம் போட்டதுதான் பிழை, அந்தத் தாளை ஒப்புக்கொண்ட நாங்களும் கவனிக்கவில்லை. பர்வீன் தயங்காமல் பெயரை அடித்துவிட்டு, "முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்" என்று எழுதினார். "நீக்கம்" கட்டத்தில் நாச்சிமுத்துவின் கையெழுத்து தனியாகவே நின்றது. வேறு எவரும் போடவில்லை. பலகை நின்றது. கூப்பிடும் வேலையை அருக்காணியே கேட்டு வாங்கிக்கொண்டார். மாதக் கடைசி நாள் ஒத்திகை மணி அடித்தோம். டைம் கீப்பரின் எண் ஏழு. இருபத்தாறு ஆண்டாக, கூப்பிடும்போது அதை அவரே தாண்டிப் போய்விடுவார், ஒருவரும் கூப்பிட்டதில்லை. "ஏழு!" என்றார் அருக்காணி. மைதானத்தில் நின்ற நாச்சிமுத்து, "இருக்கேன்" என்று முனகினார். "இன்னும் சத்தமாச் சொல்லுங்ண்ணா, வெளியில வந்துட்டீங்களான்னு தெரியோணுமில்ல?" நாச்சிமுத்து, "இருக்கேன்!" என்று கத்தினார்.