பல் தேய்க்காத சென்சார்

ஹமீதா மேடம் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும் சபாபதி சாருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் பாலிடெக்னிக் வாத்தியார். ஐம்பதை நெருங்கும் வயதில் லீவு போட்டுவிட்டு, தன்னைவிடச் சின்னவரான மேடத்திடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர். குறைமாதக் குழந்தைகளின் சுவாசக் கருவிக்குள் வைக்க, காற்றழுத்தம் பார்க்கும் சென்சார் செய்திருந்தார். கடுகளவுதான் இருக்கும். உள்ளே முடியைவிட மெல்லிய சிலிக்கான் தகடு, அதன்மேல் அலுமினியப் பூச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக அந்தக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"தினமும் சரியாத்தானே காட்டுது? இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?" என்றார்.

எங்கள் லேப்பில் ஒரு பழக்கம். காலையில் வந்ததும், அழுத்தம் இல்லாதபோது ஜீரோ காட்டும்படி சென்சாரைச் சரிசெய்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்போம். பல் தேய்த்துவிடுவது என்று அதற்குப் பெயர். தினமும் துடைத்து வைத்தால் அழுக்கு எப்படித் தெரியும்? இத்தனை படித்தவர்களில் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை.

மேடம் சென்சாரை ஒரு வாரம் சூடாக்கினார், ஆறவிட்டார், மறுபடி சூடாக்கினார். யாரும் பல் தேய்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிறகு சாரைக் கூப்பிட்டுக் காட்டினார். சென்சாரில் காற்றுக் குழாயே மாட்டவில்லை. ஆனால் குழந்தைக்குப் போதுமான காற்று போகிறது என்று காட்டியது திரை.

சூட்டில் அலுமினியம் சிலிக்கானைவிட அதிகமாக விரியும். ஆறிய பிறகு பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பாது, தகட்டையும் வளைத்துவிடும்; எவ்வளவு என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். எங்கள் மெஷினிலேயே சுலபமாகப் பூசலாம் என்பதற்காகத்தான் அலுமினியம். பூச்சே வேண்டாம், முழுக்கச் சிலிக்கானில் செய்யுங்கள் என்றார் மேடம். அதற்கு இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். சாரின் லீவோ முடியப்போகிறது.

சார் விடவில்லை. "இதெல்லாம் ஒரு விஷயமா மேடம்? எவ்வளவு விலகுதோ, அதை சாஃப்ட்வேர்ல கழிச்சிட்டாப் போச்சு. எல்லாரும் அதைத்தானே பண்றாங்க."

மேடத்துக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கீபோர்டில் விரலை வைத்தார்.

"கழிச்சிடலாம் சார். நாளைக்கு எந்தக் குழந்தைகிட்ட எவ்வளவு பொய் சொல்லும்னு சொல்லுங்க, எழுதிடறேன்."