மாரியைத் தேக்கி வைத்தோம்

எங்கள் ஊருக்குப் புத்தி கொஞ்சம் மெதுவாகத்தான் வந்து சேரும். பஸ்ஸே மெதுவாகத்தான் வருகிறது, புத்தியை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? ஆனால் பெரியவங்க சொன்ன சொல்லைத் தட்டமாட்டோம். எங்களுக்கு வந்த வினை எல்லாம் அதனால்தான்.

அந்த வருஷம் ஐப்பசி முடியப் போகிறது, கண்மாயில் பொட்டுத் தண்ணீர் இல்லை. நாற்றங்கால் மஞ்சளாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் போனால் நாற்று மாட்டுக்குத்தான் ஆகும். அப்போது விவசாய அதிகாரி ஒருவர் வந்து நல்ல தமிழில் பேசினார். விரைவில் மாரி வரும், வந்த மாரியை ஓடவிடாதீர்கள், மடையை அடைத்துக் கண்மாயில் தேக்கி வையுங்கள் என்றார். மாரி என்றால் மழை என்று பள்ளிக்கூடம் போன வீரணன் எங்களுக்கு விளக்கினான். கைதட்டினோம்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஒரு ஜப்பான்காரப் பெண் வந்து இறங்கினார். பழைய கண்மாய்களைப் பற்றிப் படிக்கிறவராம். தமிழும் நன்றாகவே பேசினார். ஊர்த்தலைவர் ஒச்சப்பன் பேரு என்ன தாயி என்று கேட்டார்.

"என் பேரு மாரி."

எல்லோரும் வானத்தை அண்ணாந்து பார்த்தோம். ஒரு மேகம் இல்லை.

"இங்க வந்துட்டாங்கல்ல, அப்புறம் அங்க எப்படி இருக்கும்?" என்றான் வீரணன்.

மளமளவென்று வேலை நடந்தது. மடையை அடைத்தோம். கண்மாய்க்கு நடுவில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். அவரும் கண்மாய் பார்க்க வந்தவர்தானே, சந்தோஷமாக மண்ணைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் கரையேறக் கிளம்பியபோது கைகோத்துச் சுற்றி நின்று மறித்தோம். உங்களை ஓடவிடக் கூடாதென்று உத்தரவு என்று ஒச்சப்பன் பணிவாகச் சொன்னார்.

விஷயம் புரிந்ததும் அந்தப் பெண் வெகுநேரம் சிரித்தார். தன் பெயரை ஜப்பான் எழுத்தில் எழுதுகிற விதத்தில் அதற்கு உண்மை என்றுதான் அர்த்தம், மழை இல்லை என்றார். நாங்கள் அங்கேயே உட்கார்ந்து பேசினோம்.

"அப்ப இவங்க மழை இல்லையா?" என்றார் ஒச்சப்பன்.

"உண்மையான மழைன்னு சொல்றாங்க அண்ணே. இதுவரைக்கும் பேஞ்சதெல்லாம் போலி," என்றான் வீரணன்.

"அதான் நெல்லு பதராப் போச்சு," என்றேன் நான். என் அறிவைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள். என் ஆயுசில் அது நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஆனால் ஒச்சப்பனுக்கு மனசு உறுத்தியது. உண்மையை அடைத்து வைத்தால் ஊருக்கு ஆகாது, விட்டுவிடலாம் என்றார். எப்படி விடுவது? மடையை அடைத்துத்தானே தேக்கினோம். திறந்துதானே விட வேண்டும். அந்தப் பெண் கரையில் இருந்த படியைக் காட்டினார். நாங்கள் கேட்கவில்லை. மடையை முழுசாகத் திறந்துவிட்டு, வழிவிட்டு நின்றோம்.

அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ திரண்டு வந்த மேகம் கொட்டித் தீர்த்தது. மழையை மழையில் நனைய விடலாமா? ஓடிப்போய் அவருக்குக் குடை பிடித்தோம். பின்னால் மடை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மடையை மூடுங்கள் என்று அவர் கெஞ்சினார். மாரி உள்ளே இருக்கும்போது எப்படி மூடுவது என்று நாங்களும் கெஞ்சினோம்.

கடைசியில் அவர் குடையை விட்டு ஓடிப் படியேறிக் கரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

"நான் வெளிய வந்துட்டேன். இப்ப மூடுங்க."

நியாயமாகப் பட்டது. மூடினோம். விடிந்து பார்த்தால் பாதிக் கண்மாய் நிறைந்திருந்தது. நாற்றும் பிழைத்தது. ஒச்சப்பன் கரையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் ஏறும்போது அந்தப் பெண், அடுத்த வருஷம் பின்லாந்திலிருந்து ஒரு தோழியையும் கூட்டி வருவதாகச் சொன்னார். அவர் பெயரும் மாரியாம். அங்கே அது மரியா என்பதைச் சுருக்கிக் கூப்பிடுகிற பெயராம்.

அதிலிருந்து எங்களுக்குத் தூக்கம் இல்லை. ஒரு மாரிக்கே பாதிக் கண்மாய்; இரண்டு பேர் வந்தால் கரை தாங்குமா? கரையை உயர்த்த ஆரம்பித்தோம். அப்போதுதான் பின்லாந்து பனி கொட்டுகிற தேசம் என்று வீரணன் விசாரித்துக்கொண்டு வந்தான். அந்த மாரி தண்ணீராக வராது, பனியாகத்தான் வரும்.

ஊருக்கெல்லாம் ஸ்வெட்டர் சொல்லியாகிவிட்டது. காளைகளுக்கும் அளவெடுத்து முடிந்தது. எருமைக்கு எந்தக் கலர் எடுப்பாக இருக்கும் என்பதில்தான் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.