சௌந்தரவல்லி மிக்ஸி சர்வீஸின் முதல் பக்கம்

திண்டுக்கல்லில் இணையதளம் செய்துகொடுக்கும் பெனசீருக்கு முப்பத்தொரு வயது. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த தணிகைவேலுக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தைந்து வருடம் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்தவர். எழுத்தைப் பெரிதாகப் போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிந்த தொழில் ரகசியம்.

அவர் பெனசீரை டீச்சர் என்பார். பெனசீர் அவரை அண்ணே என்பார்.

ஒரு திங்கட்கிழமை தணிகைவேல் கேட்டார்.

"டீச்சர், கூகுள்ல முதல் பக்கத்துல முதல் ஆளா வந்தும் கடைக்கு ஒருத்தரும் வரலைன்னா, அதுக்கு என்ன வழி?"

"எந்தக் கடை?"

"சௌந்தரவல்லி மிக்ஸி சர்வீஸ்."

அவர் தனியாக ஏற்றுக்கொண்ட முதல் வேலை அது. போன வருடம் வெளியூர்க் கம்பெனி ஒன்று முதல் பக்கத்துக்கு உத்தரவாதம் என்று சொல்லிக் கடைக்காரர் சௌந்தரவல்லிக்கு ஒரு இணையதளம் செய்து கொடுத்திருந்தது. வருடம் முழுக்க அதைப் பார்த்துவிட்டு வந்ததாக ஒரு ஆள்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. புதுப்பிப்பதா, மூடிவிடுவதா என்று தணிகைவேல்தான் சொல்ல வேண்டும். மூடச் சொன்னால் அவருடைய முதல் வேலையும் அதோடு மூடிவிடும்.

"என்ன போட்டுத் தேடினீங்க?"

"சௌந்தரவல்லி மிக்ஸி சர்வீஸ், திண்டுக்கல்."

பெனசீர் சிரித்துவிட்டார்.

"இந்தப் பேர்ல ஊருக்குள்ள வேற எத்தனை கடை இருக்கு?"

தணிகைவேல் யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை.

"அப்ப ஜனங்க என்ன போட்டுத் தேடுவாங்க டீச்சர்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்குக் காலையில கடைக்குப் போங்க. போன் பக்கத்துல உக்காருங்க. போன் பண்றவங்க முதல்ல என்ன சொல்றாங்களோ, அதை அப்படியே எழுதுங்க. அழகுபடுத்தக் கூடாது."

தணிகைவேலுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கூகுளில் முதலில் வர இருநூறு ரகசியங்கள் என்று ஒரு வீடியோ பார்த்து, அதில் முப்பதைக் குறித்துவைத்திருந்தார். அதைப் பற்றிக் கேட்க வாயெடுப்பதற்குள் பெனசீர் வேறு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் கடையில் போய் உட்கார்ந்தார். சௌந்தரவல்லிக்கு எந்நேரமும் கையில் கிரீஸ். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். முதல் அழைப்பு ஒன்பதரைக்கு வந்தது.

"ஏங்க, ஜாருக்கு அடியில தண்ணி ஒழுகுதுங்க."

எழுதினார்.

"ஆன் பண்ணா கருகுற வாடை வருது. பிள்ளைங்க பயப்படுது."

எழுதினார்.

"சட்னி அரைச்சா மூஞ்சியெல்லாம் தெறிக்குதுக்கா!"

இதை எழுதும்போது சிரித்துவிட்டார். பத்து மணிக்கு மேல் அலுப்பு போய்விட்டது. போன் எப்போது அடிக்கும் என்று பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாவு அரைபடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மோட்டார் உறுமுகிறது, பிளேடு நகரவில்லை. கல்யாணச் சீரில் வந்த மிக்ஸி, கம்பெனி பேர் அழிந்துபோய்விட்டது, மூடி கிடைக்குமா? மதியத்துக்குள் இரண்டு பக்கம் நிறைந்தது.

அப்போது பெனசீர் வந்தார். தணிகைவேல் எழுதியதை ராகம் போட்டு வாசித்துக் காட்டினார்.

"நல்லா இருக்கு. இதுல ஒண்ணாவது தளத்துல இருக்கா?"

தணிகைவேல் அங்கிருந்த கம்ப்யூட்டரில் தளத்தைத் திறந்து உரக்கப் படித்தார். "முழுமையான சமையலறைத் தீர்வுகளின் முன்னணி நிறுவனம்."

சௌந்தரவல்லி நிமிர்ந்து பார்த்தார். "யாரு அது?"

"நீங்கதான்க்கா."

"நானா?" என்றவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

வாசலில் ஒரு பெண் பையில் ஜாரோடு நின்றிருந்தார். பெனசீர் அவரிடம் கடையின் இணையதள முகவரியைச் சொல்லி, "உங்க போன்ல இதைக் கொஞ்சம் திறந்து பாக்குறீங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண் திறந்தார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சௌந்தரவல்லியைப் பார்த்து, "அக்கா, இந்த மூடி தனியா கிடைக்குமா?" என்றார்.

"பாத்தீங்களா அண்ணே?" என்றார் பெனசீர்.

"என்னத்த?"

"ஒரு கஸ்டமர் போயிட்டாங்க."

"இங்கதானே நிக்கிறாங்க?"

"கடையில நிக்கிறாங்க. தளத்தை விட்டுப் போயிட்டாங்க."

தணிகைவேல் தலையைச் சொறிந்தார். "தளம் வச்சிருக்கிற சர்வர் பத்தலை டீச்சர். பெரிய பிளானுக்கு மாறணும்னு கம்பெனியிலயும் சொல்றாங்க."

"இன்னும் பெருசா?" என்றார் சௌந்தரவல்லி. இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

"தளத்தைத் திறந்ததும் என்ன வருது?" என்று கேட்டார் பெனசீர்.

"கடை திறப்பு விழா வீடியோ டீச்சர்."

"எடுத்துருங்க."

"ஐயோ, அதுல எங்க வீட்டுக்காரர் நல்லா இருப்பாரே!"

"வீட்ல பாத்துக்கோங்க அக்கா."

அடுத்து பெனசீர் படங்களைப் பார்த்தார். மிக்ஸி படங்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் ஒரு சுவர் அகலத்துக்கு அச்சடிக்கலாம்.

"இதையெல்லாம் யாரு போட்டது?"

தணிகைவேல், "போன வாரம் நான்தான் ஏத்தினேன். பேனர் போட்ட கைப்பழக்கம்," என்றார்.

அன்று சாயங்காலம் முழுக்கப் படங்களைச் சுருக்கினார். வீடியோவை எடுத்தார். தன் போனில் திறந்து பார்த்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது.

புதன்கிழமை பெனசீர், தளத்தை வைக்க இணையத்தில் இடம் கொடுக்கும் மூன்று ஹோஸ்டிங் கம்பெனிகளின் நம்பரைக் கொடுத்தார்.

"மூணு பேருக்கும் போன் போடுங்க. விலை கேக்காதீங்க. தளம் நின்னு போச்சுன்னா யார்கிட்ட பேசணும்னு மட்டும் கேளுங்க."

முதல் இடத்தில் ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். இரண்டாவது இடத்தில் மெயில் அனுப்பச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு ஆள், "என்கிட்டதான் சார் பேசணும். என் பேரு ஜெபராஜ்," என்றார். சின்ன பிளானே போதும் என்றும் அவரே சொன்னார். பழைய கம்பெனிக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்பே தளத்தை அங்கே மாற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தணிகைவேல் தினமும் கடைக்குப் போனார். போனில் கேட்ட வாக்கியத்தையே தலைப்பாகப் போட்டார். சௌந்தரவல்லி சொல்லச் சொல்லப் பதிலை எழுதினார். 'ஜாருக்கு அடியில் தண்ணி ஒழுகுதா? வாஷர் போயிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை. வரும்போது மூடியையும் எடுத்துட்டு வாங்க.'

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது மாதம் வத்தலக்குண்டிலிருந்து ஒருவர் வந்தார். ஒட்டன்சத்திரத்திலிருந்து அக்காவும் தங்கச்சியுமாக இரண்டு பேர், ஆளுக்கொரு மிக்ஸியோடு வந்தார்கள். "நீங்க எழுதினதைப் படிச்சோம். எங்க வீட்டுல வந்து பாத்த மாதிரியே இருக்கு," என்றார்கள். சௌந்தரவல்லி அன்று தணிகைவேலுக்கு இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒரு நாள் தணிகைவேல் பெனசீரிடம் வந்தார்.

"டீச்சர், வெளிநாட்டுல வாங்கின மிக்ஸிக்குப் பார்ட்ஸ் கிடைக்குமான்னு நிறைய பேரு கேக்குறாங்க. அக்காகிட்ட கிடையாது. இந்தக் கேள்வியை விட்டுரலாமா?"

"யார்கிட்ட கிடைக்கும்?"

"பழநி ரோட்டுல சின்னச்சாமி கடையில."

"அப்ப அதை எழுதுங்க. அவர் நம்பரையும் போடுங்க."

தணிகைவேல் திகைத்துப் போனார். இருபத்தைந்து வருடத்தில் ஒரு பேனரில்கூட அவர் போட்டிக் கடையின் பெயரைப் போட்டதில்லை. சௌந்தரவல்லியாவது தடுப்பார் என்று நினைத்து அவருக்குப் போன் செய்து கேட்டார்.

"போன்ல தினம் நான் அதைத்தானே சொல்றேன்?" என்றார் சௌந்தரவல்லி.

தணிகைவேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தலைப்பைப் போட்டார். சின்னச்சாமியின் பெயரையும் அடித்தார். நம்பருக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"மனசு கேக்கலை டீச்சர். நம்ம கடைக்கு வர வேண்டியவங்களை நாமளே அங்க அனுப்பலாமா?"

"அவங்க நம்ம கடைக்கு வர வேண்டியவங்க இல்ல அண்ணே," என்றார் பெனசீர். "மிக்ஸி ஓடாதவங்க."