கிழக்குப் படித்துறைப் பள்ளம்

"நீரா நிக்கிறவனும் அவன்தான்னு சொன்னீங்க. அப்படின்னா என் பிள்ளையை முழுங்கினதும் அவன்தானே ஐயா?"

தையல்நாயகி இதைக் கேட்டபோது மண்டபத்தில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

மாசிலாமணி ஓதுவார் வெள்ளிக்கிழமை மாலைகளில் சிவன் கோயில் வசந்த மண்டபத்தில் பாடம் சொல்வார். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அன்றைக்குப் பாடம் இறைவனின் எட்டு வடிவங்களைப் பற்றியது. நிலம் என்றார். நீர் என்றார். அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை.

நூலை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கேட்டவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது.

"எனக்கு இதுக்குப் பதில் தெரியாதும்மா," என்றார்.

பாடம் அதோடு முடிந்தது.

தையல்நாயகி உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர்; பிள்ளைகளுக்கு அவளும் டீச்சர்தான். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே பிள்ளை சேந்தன். அவனையும் கொள்ளிடம் கொண்டுபோயிற்று.

அதற்குப் பிறகு அவள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டவில்லை. அக்கரையில் தங்கச்சி வீடு. தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. மழை பெய்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். குளிக்கும்போது தலையில் தண்ணீர் விழுந்தால் மூச்சு முட்டும். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

பாடத்துக்கு அவள் பக்தியால் வரவில்லை. சண்டை போட ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆற்றோடு சண்டை போட முடியாது. கடவுளோடு போடலாம் என்று வந்தாள்.

தெரியாது என்று ஒருத்தர் சொன்னால் அவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாள். எல்லோரும் எழுந்து போன பிறகு ஓதுவார் அவளை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப்பணி நடக்கிறது, வர முடியுமா என்று கேட்டார். கோயில் வேலைக்குக் கூலியில்லாமல் கை கொடுக்கிற கூட்டம் அது. புல் செதுக்குவார்கள், மதிலில் முளைத்த செடியைப் பிடுங்குவார்கள், பிரகாரம் கழுவுவார்கள்.

"எங்க வேணும்னாலும் போடுங்க. தண்ணிப் பக்கம் மட்டும் வேண்டாம்," என்றாள்.

"குளத்துலதான் இப்போ வேலை."

அவள் திரும்பி நடந்தாள்.

"தண்ணி இல்லம்மா," என்றார் பின்னாலிருந்து. "வந்து பாருங்க."

போய்ப் பார்த்தாள். கோடையில் குளம் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கை போகும். நடுவில் கோரை காய்ந்து நின்றது. நத்தை ஓடுகள் வெயிலில் வெளுத்திருந்தன.

அப்படி ஒரு குளத்தைப் பார்க்க அவளுக்கு நிறைவாக இருந்தது. மண்வெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு தவறாமல் போனாள். மற்றவர்கள் பேசிக்கொண்டே வெட்டுவார்கள், நடுநடுவே மோர் குடிப்பார்கள். அவள் பேசமாட்டாள். சேற்றின்மேல் பழைய பகை இருப்பதுபோல வெட்டுவாள். கையில் கொப்புளம் வந்து உடைந்து தோல் காய்த்துப்போனது.

ஒருநாள் அடிமண்ணை வெட்டிப் புரட்டியபோது ஒரு கட்டி பிளந்தது. உள்ளே ஒரு தவளை.

செத்தது என்றுதான் நினைத்தாள். மண் நிறத்திலேயே இருந்தது. கால்களை வயிற்றோடு மடக்கிக் கண்ணை மூடியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். தொண்டை மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

ஓதுவாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

தண்ணீர் வற்றும்போது உள்ளே இறங்கியிருக்கும் என்றார் அவர். மழை வரும்வரை அப்படியே கிடக்குமாம்.

"வராமப் போனா?"

அவர் தவளையைக் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு ஆழத்துல கிடக்குதே. தண்ணி வரும்னு இதுக்கு யார் சொன்னா?"

"நீங்களே கேட்டுப் பாருங்க," என்று சொல்லிவிட்டுத் தம் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் கேட்கவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். பிறகு யாரும் வெட்டாத ஓர் ஓரத்தில், ஈரம் மிச்சமிருந்த இடமாகப் பார்த்துக் குழி பறித்து அதை உள்ளே வைத்தாள். மண்ணைத் தளர்வாகப் போட்டு மூடினாள்.

அன்றைக்கு அதற்குமேல் அவள் மண்வெட்டியைத் தொடவில்லை.

ஆடி பிறந்தது. பாதிக் குளம்கூடத் தூர்வாரி முடியவில்லை. உழவாரக் கூட்டத்துக்குத் தலைவர் சிங்காரவேலு, கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அலைந்து திரிந்து ஒரு பொக்லைன் வண்டியை இனாமாகப் பிடித்து வந்தார். செங்கல் சூளைக்காரர் ஒருவருடைய வண்டி. எடுக்கிற களிமண்ணை அவரே கொண்டுபோய்க்கொள்வார் என்று ஏற்பாடு.

வண்டி வந்தது, வேலை முடிந்தது, போயிற்று. எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு தையல்நாயகி கிழக்குப் படித்துறை வழியாக இறங்கினாள். கடைசிப் படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

படிக்குக் கீழே தரை இல்லை. நல்ல களிமண் அங்கேதான் கிடைத்திருக்க வேண்டும். இரண்டு ஆள் ஆழத்துக்கு நேர்க்குத்தாகத் தோண்டி அள்ளிப் போயிருந்தார்கள்.

படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சிங்காரவேலு ஓடி வந்து வெயிலா, மயக்கமா என்று கேட்டார். அவள் பள்ளத்தைக் காட்டினாள். இதை மூட வேண்டும் என்றாள்.

அவர் சிரித்தார். குளம் என்றால் ஆழம் வேண்டாமா, ஆழம் இருந்தால்தானே கோடை வரைக்கும் தண்ணீர் நிற்கும், இரண்டு மழை பெய்தால் வண்டல் வந்து தானே மேவி மூடிக்கொள்ளும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

"இந்தப் படியிலதான் பிள்ளைங்க குதிக்கும்," என்றாள்.

பிறகு, அதுவரை ஊரில் ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

பிள்ளை போன அன்றைக்குக் கொள்ளிடத்தில் வெள்ளமே இல்லை. கணுக்கால் தண்ணீர். சேந்தன் சின்ன வயதிலிருந்து நடந்து கடந்த ஆறு. சிநேகிதர்களோடு பேசிக்கொண்டே நடந்தான். முழங்கால் வந்தது. அடுத்த எட்டில் தரை இல்லை. லாரி வைத்து மணல் அள்ளிய பள்ளம். மேலே தெளிந்த தண்ணீர், கீழே பள்ளம் இருப்பது தெரியாது. கையை உயர்த்தினான். விளையாடுகிறான் என்று மற்றவர்கள் சிரித்தார்களாம்.

"அவனுக்கு நீச்சல் தெரியும்," என்றாள். "இருந்தும் போயிட்டான்."

தோண்டியவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். யாரும் பெயரைச் சொல்லவில்லை. பெயர் சொல்ல முடியாதவர்களை எத்தனை நாள் வெறுப்பது? ஆற்றை வெறுப்பது சுலபமாக இருந்தது.

சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் வண்டிக்காரர் திரும்ப வரமாட்டார், கையால் மூடுகிற பள்ளமா இது என்றும் முனகினார்.

அவள் எழுந்தாள். கரையில் குவித்திருந்த வண்டலை ஒரு கூடை அள்ளிவந்து பள்ளத்தில் கொட்டினாள். கொட்டியது எங்கே போனது என்றே தெரியவில்லை. இன்னொரு கூடைக்குப் போனாள்.

ஞாயிறு மட்டும் என்றில்லை. பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் நேரே குளத்துக்கு வந்துவிடுவாள். வெயில் சாயும்வரை சுமப்பாள். கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள்.

ஒரு சாயங்காலம் ஓதுவார் வந்தார். கோயிலுக்குப் பாடப் போகிற கோலம். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கரையில் நின்று பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கூடையை எடுத்தார்.

இருவரும் மாறி மாறிச் சுமந்தார்கள்.

கோயில் மணி அடித்தது. தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, பூசைக்கு நேரமாச்சு. நீங்க பாடணும்."

"இதை முடிச்சுட்டுப் போறேன்," என்றார். கூடையைத் தலைக்கு ஏற்றினார். சேறு காதோரம் வழிந்து திருநீற்றில் இறங்கியது.

அன்று சாயரட்சையில் பாட்டு இல்லை. ஏன் என்று தேடி வந்தவர்கள் அவரைக் குளத்துக்குள் பார்த்தார்கள். மறுநாள் சிலர் கூடையோடு வந்தார்கள். அதற்கு மறுநாள் சிங்காரவேலு கடையைச் சாத்திவிட்டு வந்தார்.

பள்ளம் மூடியது. தையல்நாயகி அதோடு விடவில்லை. கடைசிப் படியிலிருந்து நடுக்குளம் வரை ஒரே சரிவாக வரவேண்டும் என்றாள். தானே முன்னும் பின்னும் நடந்து பார்த்தாள். கால் புதைந்த இடத்திலெல்லாம் மண் போட்டு மிதித்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எவ்வளவு உயரம், ஐந்தாம் வகுப்பு எவ்வளவு உயரம் என்று தட்டு நீட்டும் கைகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கில் மிதித்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது.

முதல் இடி இடித்ததும் அவள் வழக்கம்போல ஜன்னலைச் சாத்தினாள். குளம் நிரம்புகிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அவள் போகவில்லை. வெள்ளிக்கிழமைப் பாடத்துக்கும் போகவில்லை. அத்தனை மண் சுமந்தவள் ஏன் வந்து பார்க்கவில்லை என்று சிங்காரவேலு ஆள் அனுப்பிக் கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

மழை விட்டு வானம் வெறித்த ஒரு விடுமுறை நாளில் அரிசி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். திரும்பும்போது மதிலுக்கு அந்தப்புறம் பிள்ளைகள் கூச்சல் கேட்டது. தண்ணீரில் விழுந்து எழுகிற சத்தம்.

பை கையிலிருந்து நழுவியது. ஓடினாள்.

கிழக்குப் படித்துறையில் ஏழெட்டுப் பிள்ளைகள். எல்லாம் அவள் சோறு போடுகிற பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு தமயந்தி கடைசிப் படியில் நின்றிருந்தாள். வேண்டாம் என்று சொல்லத் தையல்நாயகி வாய் திறந்தாள். குரல் வரவில்லை.

தமயந்தி குதித்தாள்.

தண்ணீர் மூடிக்கொண்டது. வட்டம் வட்டமாக விரிந்தது.

தையல்நாயகிக்கு எதுவும் கேட்கவில்லை.

பிறகு ஒரு தலை எழும்பியது. மூக்கைச் சிந்திக்கொண்டே அந்தப் பெண் நிமிர்ந்து நின்றாள். நெஞ்சளவு தண்ணீர். மேல்படியில் நின்ற தையல்நாயகியைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

"கால் எட்டுது டீச்சர்."

தையல்நாயகி படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளை போன அன்றைக்கு அவள் அழவில்லை. காரியம் முடிந்த அன்றைக்கும் அழவில்லை. இப்போது அழுதாள். பிள்ளைகள் பயந்துபோய் ஒவ்வொன்றாகக் கரையேறி வீட்டுக்குப் போய்விட்டன.

குளம் அடங்கியது. கோபுரம் தலைகீழாக வந்து தண்ணீரில் நின்றது.

உச்சிப்பூசை முடித்து ஓதுவார் கால் கழுவ வந்தார். அவளைப் பார்த்தார். இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார்.

தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் எழுந்தாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். ஒரு படி இறங்கினாள். கணுக்கால் நனைந்தது. நின்று மூச்சு வாங்கினாள். இன்னொரு படி. முழங்கால். அடுத்த எட்டை வைக்கு முன் கண்ணை மூடிக்கொண்டாள்.

வைத்தாள்.

காலுக்குக் கீழே மண் இருந்தது.

குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினாள். விரலிடுக்கில் ஒழுகியது. ஒழுகட்டும் என்று விட்டாள். மறுபடி அள்ளினாள்.

"இருக்கானா ஐயா?" என்று கேட்டாள், திரும்பாமலே.

யாரைக் கேட்கிறாள் என்று ஓதுவார் கேட்கவில்லை.

"இருக்கான்," என்றார்.