பாண்டியம்மா நடக்கிற பக்கம்

அசாரின் ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாசிலாமணிக்குக் குடிக்கிற டீ கசந்தது.

மலையடிவாரத்தில் இருந்தது அந்தப் பயிற்சி இல்லம். முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால் விளங்காமல் போனவர்கள் அங்கே கொஞ்ச காலம் தங்குவார்கள். சக்கர நாற்காலியோடு வாழப் பழகிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். சொல்லிக்கொடுப்பவர் சீலி டீச்சர். சின்ன வயதிலேயே போலியோ வந்து அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர்தான். மாசிலாமணியைவிட ரொம்ப இளையவர். இருந்தாலும் அவரிடம் பேசும்போது மாசிலாமணியின் குரல் தானாக இறங்கிவிடும்.

கையால் சக்கரத்தை உருட்டி உருட்டித் தோள் போய்விடாமல் இருக்க, நாற்காலியில் மாட்டிக்கொள்ள ஒரு மோட்டார் அங்கே கிடைக்கும். மூன்று வகை உண்டு. ஆளுக்கு ஒன்று, ஒரே தடவை. வாங்கின பிறகு மாற்ற முடியாது. அதனால் யாருக்கு எது என்று டீச்சர் சட்டென்று சொல்லிவிட மாட்டார்.

அசாருக்குக் கிடைத்தது முன்னால் மாட்டுகிற வண்டி. ஸ்கூட்டர் மாதிரி ஹேண்டில்பார், கீழே தடித்த சக்கரம், விளக்கு, பின்னால் வருவதைப் பார்க்கக் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஹாரன். கொக்கியை மாட்டி இழுத்தால் நாற்காலியின் முன்பக்கத்துச் சின்னச் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பிவிடும். அப்புறம் அது நாற்காலியே இல்லை, மூன்று சக்கர வண்டி. பைக்கில் போய் விழுந்தவன் அசார். கல்யாணம் ஆகாதவன், தனி ஆள். வண்டி கிடைத்ததும் மெயின் ரோடு வரை பறந்துவிட்டுத் திரும்பி வருவான். வரும்போது விடாமல் ஹாரன் அடிப்பான். அந்த ரோட்டில் எதிரே வருவது நாலைந்து ஆடும் ஒரு மினி பஸ்ஸும்தான். யாருக்காக அத்தனை ஹாரன்? தனக்காகத்தான் என்று மாசிலாமணி முடிவு கட்டியிருந்தார்.

மாசிலாமணி கோபுரத்துக்கு வர்ணம் அடித்தவர். சாரத்தின் உச்சியில் நின்று ஊரையே குனிந்து பார்த்த ஆள். அங்கேயிருந்துதான் விழுந்தார். அதிலிருந்து அவரைத் தள்ளிக்கொண்டு போவது அவர் மனைவி பாண்டியம்மா. நேற்று வந்த பையன் காற்றாகப் போக, தான் மட்டும் பெண்டாட்டி தள்ளத் தள்ள ஊர்ந்துகொண்டிருப்பதை நினைத்தால் அவருக்கு அடிவயிற்றில் நெருப்பு வைத்தது போல இருந்தது.

மாசிலாமணியின் முறை வந்தது. டீச்சர் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்.

"உங்க தெரு எப்படிண்ணே?"

"சிமெண்ட் ரோடு. குறுகலா இருக்கும். முடிவுல ஒரு ஏத்தம்."

"ஏத்தத்துல என்ன இருக்கு?"

"டீக்கடை. சாயங்காலம் அங்கதான் போவோம்."

"கூட யாரு வருவாங்க?"

"வேற யாரு, இவதான். தள்ளிக்கிட்டு வருவா."

"மோட்டார் வந்துட்டா தள்ள வேண்டியதில்லையே. அப்ப அக்கா எந்தப் பக்கம் நடப்பாங்க?"

மாசிலாமணிக்கு எரிச்சல் வந்தது. "எந்தப் பக்கம் நடந்தா என்ன டீச்சர்? அதுக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்? அசாருக்குக் குடுத்தீங்கள்ல, அதையே எனக்கும் குடுங்க."

"அசார் தோள் வேற, உங்க தோள் வேற. அவன் போற ரோடும் வேற."

"அவனுக்கு நல்லதைக் குடுத்துட்டு எனக்கு மிச்சத்தைக் காட்டுறீங்க. சின்னப் பய, சிரிச்சுப் பேசுறான். எனக்கு அப்படிப் பேச வராது. அதானே?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். டீச்சர் கோபப்படவில்லை. வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அசார், நாளைக்கு ஒருநாள் உன் வண்டியை அண்ணனுக்குக் குடுப்பியா?"

"அதுக்கென்ன டீச்சர், எடுத்துக்கட்டும்" என்றான் அசார். மறுபேச்சே இல்லை. அவன் அப்படிப் பெரிய மனதோடு சொன்னதும் மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை.

"சும்மா இல்லைண்ணே" என்றார் டீச்சர். "அவனை நகர்த்துறதை அவன் உங்களுக்குத் தர்றான். உங்களை நகர்த்துறதை நீங்க அவனுக்குத் தரணும்."

"என்னை எது நகர்த்துது?"

எல்லோரும் பாண்டியம்மாவைப் பார்த்தார்கள். பாண்டியம்மா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.

"அக்கா, உங்களுக்குச் சம்மதமா? இல்லைன்னா விட்டுருவோம்" என்றார் டீச்சர்.

"எனக்கென்ன? வாரேன். ஆனா இந்த மோட்டாருக்கு ஏத்தத்துல ஒரு டீயும் வடையும் போடணும், சொல்லிட்டேன்."

மறுநாள் சாயங்காலம் மாசிலாமணி அசாரின் வண்டியைத் தன் நாற்காலியில் மாட்டினார். கொக்கியை இழுக்கும்போது தோளில் சுரீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டார். அசார் பார்த்துக்கொண்டிருந்தானே, முகத்தைச் சுளிக்க முடியுமா?

இல்லத்துக்கு மேலேயும் ஒரு ஏற்றம், ஏற்றத்தின் முடிவில் ஒரு டீக்கடை. ஆக்ஸிலேட்டரைத் திருகினதும் நாற்காலி பாய்ந்தது. காற்று முகத்தில் அடித்தது. சாரத்தின் உச்சியில் அடிக்குமே, அதே காற்று. விழுந்த நாளிலிருந்து அது அவர் முகத்தில் பட்டதில்லை. அவருக்குக் கண் கலங்கியது. ஹாரனை அடித்தார். இன்னும் ஒரு தடவை அடித்தார். ரோட்டில் ஓர் ஆடுகூட இல்லை.

அப்போது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அது பாண்டியம்மாவின் சிரிப்பு. அடக்கிச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே மாசிலாமணிக்கு மறந்து போயிருந்தது. கண்ணாடியில் பார்த்தார். பாண்டியம்மா அசாரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். குனிந்து அவன் காதருகே ஏதோ சொன்னாள். அசார் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தான்.

மாசிலாமணிக்குக் காற்றும் போச்சு, கோபுரமும் போச்சு. அப்படி என்ன பேசுகிறார்கள்?

வேகத்தைக் குறைத்தார். மோட்டார் இரைந்ததில் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. திரும்பி அவர்கள் பக்கம் போகலாம் என்று ஹேண்டில்பாரை ஒடித்தார். ரோடு போதவில்லை. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், அவர் வண்டியைத் திருப்புவதற்குள் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

மறுபடியும் திருப்பினார். இப்போது அவர்கள் முன்னால், அவர் பின்னால். நாலு பேர் மத்தியில் பந்தியில் இலை போடாமல் விட்டது போல இருந்தது அவருக்கு. ஹாரனை அழுத்தினார்.

பாண்டியம்மா திரும்பிப் பார்த்தாள். அசாரை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினாள். தானும் ஒதுங்கி நின்றுகொண்டு, "போங்க போங்க" என்று கையைக் காட்டினாள்.

மினி பஸ்ஸுக்கு வழி விடுவாளே, அதே மாதிரி விட்டாள். மாசிலாமணி அவர்களைக் கடந்து போனார்.

டீக்கடையில் இன்னொரு தொல்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் போக முடியவில்லை, ஹேண்டில்பார் இடித்தது. கடைக்காரர் எட்டி நின்று கிளாஸை நீட்டினார். பாண்டியம்மா அசாரின் நாற்காலியைப் பெஞ்சோடு ஒட்டி நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வடையைப் பிய்த்து இரண்டு பேரும் தின்றார்கள். மாசிலாமணி ஹேண்டில்பாருக்கு இந்தப் பக்கம் டீயோடு உட்கார்ந்திருந்தார். டீ கசந்தது.

"அப்படி என்ன சிரிப்பு?" என்றார், முடிந்தவரை சாதாரணமாக.

அசார்தான் பதில் சொன்னான். "உங்க பிடரியப் பத்திண்ணே! கோவம் வந்தா முதல்ல பிடரிதான் செவக்குமாமே. அப்புறம்தான் வாயத் தொறப்பீங்களாமே. அக்கா அதைப் பாத்து முன்கூட்டியே உஷாராயிருவாங்களாம்."

"என் பிடரிய எதுக்கு இவன்கிட்ட சொன்ன?"

"பின்ன எதைச் சொல்ல?" என்றாள் பாண்டியம்மா. "வருசக்கணக்கா அதைத்தானே பாத்துக்கிட்டு வாரேன். வெளிய வந்தா உங்க மூஞ்சிய நான் எங்க பாக்குறேன்? இன்னைக்கு வண்டியத் திருப்ப முடியாம முழிச்சீங்கள்ல, அப்பத்தான் பாத்தேன். மீசை நரைச்சுப் போச்சுங்க."

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. வடை ஆறிவிட்டது என்பதைப் போலச் சொன்னாள்.

அசார் தன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டான். "என் பிடரில ஒரு சுழி இருக்காம்ணே. அக்கா சொன்னாங்க. எனக்கே தெரியாது. யாரு பாத்துச் சொல்லப் போறா?"

சொல்லிவிட்டு அசார் பாண்டியம்மாவைப் பார்த்தான், அப்புறம் மாசிலாமணியைப் பார்த்தான். அந்தப் பார்வை மாசிலாமணிக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. இத்தனை நாளாக அசாரின் வண்டியை அவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி இறங்கும்போது மாசிலாமணி முன்னால் போகவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, அவர்கள் பின்னாலேயே வந்தார்.

மறுநாள் காலையில் மாசிலாமணியே டீச்சரைத் தேடிப் போனார். பாண்டியம்மா வழக்கம் போலப் பின்னால் நின்றாள்.

"அசாரோடது வேண்டாம் டீச்சர்."

"ஏண்ணே?"

"கொக்கி போடுறப்பத் தோள் வலிக்குது."

"அவ்வளவுதானா?"

மாசிலாமணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஹாரன் அடிச்சா இவ ஒதுங்கி நிக்குறா டீச்சர்."

டீச்சர் தலையசைத்தார். மேஜை மேல் மீதி இரண்டு வகை இருந்தன. ஒன்று, சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்தது. கை ஒரு தள்ளுத் தள்ளினால் அது பல தள்ளுத் தள்ளும். டீச்சர் அதைத் தூக்கிப் பாண்டியம்மாவிடம் கொடுத்தார். பாண்டியம்மாவின் கை தாழ்ந்தது.

"பஸ்ல ஏத்தி இறக்க ஆகாதுங்க" என்றாள் அவள்.

இன்னொன்று, உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னச் சக்கரம். இருக்கைக்குக் கீழே, பின்னால் மாட்டுவது. பாண்டியம்மா அதை ஒரே கையில் தூக்கிப் பார்த்தாள்.

"இது பின்னாலிருந்து தள்ளும்ணே. நடக்குற வேகம்தான் போகும், ஓடாது. திருப்பத்துல ரெண்டு கையும் சக்கரத்துல இருக்கணும். நேர் ரோட்டுல ஒரு கை போதும். மண்ணுல இறங்குனா சிக்கிக்கும், அக்காதான் கை குடுக்கணும். விளக்கு கிடையாது. ஹாரன் கிடையாது."

அந்த நேரம் பார்த்து ரோட்டில் அசாரின் ஹாரன் கேட்டது. நீளமாகக் கேட்டது. மாசிலாமணிக்கு வயிற்றில் ஓர் ஓரமாக எரிந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"இதையே மாட்டுங்க" என்றார்.

டீச்சர் மாட்டத் தொடங்கினார். அடியில் சக்கரம் பொருந்தியது, கம்பி வந்தது. கடைசியில் மிச்சமிருந்தது நாற்காலியின் பக்கவாட்டில் பொருத்துகிற சுவிட்ச். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு டீச்சர் காத்திருந்தார்.

"என்ன டீச்சர்?"

"அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். நீங்க பதில் சொல்லலை."

மாசிலாமணி யோசித்தார். விழுவதற்கு முன்னால் அவள் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். விழுந்த பிறகு பின்னால் நின்று தள்ளினாள். எந்தப் பக்கம் நடப்பாள்? கல்யாணம் ஆன நாளிலிருந்து எவ்வளவோ தூரம் சேர்ந்து போயிருக்கிறார்கள். அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்தார். தோள் வலித்தது. வலியோடு நாற்காலியை முழுசாகத் திருப்பி, பாண்டியம்மாவுக்கு நேராக நிறுத்தினார்.

"நீ எந்தப் பக்கம் நடப்ப?"

இதை யாராவது தன்னிடம் கேட்பார்கள் என்று பாண்டியம்மா நினைத்ததே இல்லை. அவருக்கு இந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தாள். அப்புறம் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள்.

"இடது பக்கம்" என்றாள்.

டீச்சர் திருப்புளியை எடுத்தார்.

"அப்ப சுவிட்சை வலது பக்கம் மாட்டுறேண்ணே. இடது கை சும்மா இருக்கட்டும்."