ஐந்தாவது டேக்

"டீச்சர், அந்த வசனத் தாளைத் தமிழ்ல எழுதிக் கொடுத்துடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்றார் தங்கப்பாண்டி.

கேட்காமல் என்ன செய்வார்? நேற்றுதான் மானம் போயிருந்தது.

மணிப்பூரில் ஒரு ஏரிக்கரை. மாணவர்கள் எடுக்கும் குறும்படம். பேசுவதெல்லாம் மெய்தி மொழி, இவருக்கு அதில் ஒரு சொல் தெரியாது. கோலில் மைக்கைத் தூக்கிப் பிடிப்பது வேலை. நாயகி மெம்சா அழும் காட்சியில், நிஜமாகவே அழுகிறாள் என்று நினைத்து, "ஐயோ, நிறுத்துங்கப்பா!" என்று கத்திவிட்டார். நல்ல டேக் பாழ்.

"கட்" சொல்லும் உரிமை இயக்குநருக்கு மட்டும்தான். இயக்குநர் தோம்பா கொதித்துப்போனான். இன்னொரு தடவை இவர் வாயைத் திறந்தால் ஊருக்கு டிக்கெட்.

ஊரில் என்ன இருக்கிறது? மைக்செட் கடையை மூடிவிட்டு, நாற்பத்தாறு வயதில் ஒலிப்பதிவு படிக்க வந்த மனிதர். அதைச் சொல்லிக்கொடுக்கும் தமிழ்க்காரி ஆக்னஸ் டீச்சருக்கு முப்பதுதான். ஐந்து வருஷமாக இங்கே வேலை பார்த்ததில் மொழி அவளுக்கு அத்துப்படி.

"வசனம் எது, நிஜம் எதுன்னு எனக்குத் தெரிய வேணாமா, டீச்சர்?"

"கடைசி நாள் தர்றேன், அண்ணே. அதுவரைக்கும் காதை நம்புங்க."

என்ன மனுஷி இவள்!

தன் ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டினாள். எல்லோரையும் ஒரு நிமிஷம் அசையாமல் நிற்கச் சொன்னாள். எங்கே படம் எடுத்தாலும் அந்த இடத்தின் மௌனத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்வது ஒலிக்காரர் வழக்கம்.

"என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணுமில்ல."

"மறுபடி."

மூன்றாவது முறை கேட்டபோது அவர் முகம் வெளுத்தது.

"தண்ணிக்கு அடியில யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு, டீச்சர்."

"ம்" என்றாள்.

அந்த 'ம்' வேறு அவரைத் தூங்கவிடவில்லை.

கடைசி நாள். காலை பத்து மணியாகியும் பனி விலகவில்லை. மெம்சா மார்பளவுத் தண்ணீரில் நின்றாள். இவர் படகில், கோலும் ஹெட்போனுமாக. இன்னொரு ஹெட்போனோடு டீச்சர் கரையில்.

ஒரே ஒரு வசனம். மெம்சா நான்கு முறை சொன்னாள். தோம்பாவுக்குத் திருப்தி இல்லை.

ஐந்தாவது டேக். அதே சொற்கள், அதே வரிசை. இவருக்கே மனப்பாடமாகியிருந்தது. தோம்பாவின் முகம் மலர்ந்தது. ஒளிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினான்.

தங்கப்பாண்டியின் காதுக்கு மட்டும் ஏதோ இடறியது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அவள் மூச்சே இழுக்கவில்லை. அந்த இடைவெளியில் வேறொரு மூச்சு கேட்டது. அடியிலிருந்து.

வாயைத் திறந்தால் போச்சு. எல்லாம் போச்சு.

"கட்! கட்! அட, கட்டுங்கறேன்ல!"

கோலைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் குதித்தார். அதற்குள் மெம்சாவின் தலை நீருக்குள் போயிருந்தது.

நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் மெம்சா லேசில் வரவில்லை. கரையில் கிடத்தியதும் தண்ணீரைக் கக்கி, மூச்சு வாங்கி, அழுதாள். கணுக்காலில் சிவந்த தடம். நீர்க்கொடி சுற்றியிருக்கும் என்றார்கள்.

தங்கப்பாண்டி குனிந்து எண்ணினார். ஐந்து கோடுகள்.

டீச்சர் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். தமிழில் அவள் கையெழுத்து. படப்பிடிப்பு தொடங்கிய நாளின் தேதி.

இன்றைய காட்சிக்கு ஒரே வரி: "யாரோ என் காலைப் பிடித்து இழுக்கிறார்கள்."

"இதைத்தானா அஞ்சு தடவையும் சொன்னா?"

"ஒரு எழுத்து மாறாம."

தங்கப்பாண்டி தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"உங்க காதுலயும் ஹெட்போன் இருந்துச்சே, டீச்சர். உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு, அண்ணே" என்றாள். "என்னமா நடிக்கிறாள்னு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."